வான்கோழிக்கு ஸ்டே

காத்தவராயன் கண்ணோடு கண் மூடி இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. இன்னும் இருபத்தேழு நாள் விழித்திருந்தால் ஒரு மண்டலம் பூர்த்தியாகும். ஏதாவது ஒரு சாமி மனமிரங்கி வரம் கொடுத்தாலும் கொடுக்கும். ஆனால் வரம் வாங்கிக்கொள்ள அதுவரை ஆள் இருக்க வேண்டுமே!

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அவனுக்கு டிம்பர்மேன் வேலை. பூமிக்குள்ளே பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்தி, இடுக்கில் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். அவனுடைய கேங்குக்கு எப்போதும் மூன்றாம் ஷிப்டுதான். ராத்திரி பதினொன்றுக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினால் காலை ஏழுக்கு மேலே வருவான். ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது அவன் பாய் விரிப்பான். பதினான்கு வருஷமாக இதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் வளர்ந்த வான்கோழிக்குத் தொண்டை திறக்கிற வரைக்கும்.

போன வாரம் ஒரு நாள் அவன் தூணோடு சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டான். கையிலிருந்த சம்மட்டி நழுவி, பக்கத்தில் குனிந்திருந்தவனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. விடிகாலை ரவுண்டுக்கு இறங்கியிருந்த ஃபோர்மேன் தம்மபாலன் அதைப் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடமாட்டார், அதுதான் எல்லோருக்கும் பயம்.

"காத்தவராயா, ஒரு தரம் பாத்துட்டேன். இன்னொரு தரம் பாத்தா ரிப்போர்ட்டு எழுதிடுவேன். உனக்கு வேலை போனா உங்க வூட்டுக்கு நஷ்டம். உசுரு போனா அதைவிட நஷ்டம். வூட்டுக்குப் போய்த் தூங்கு."

தூங்கு என்று சொல்வது சுலபம். வீட்டில் இருக்கிற வான்கோழிக்கு அதை யார் சொல்வது?

வான்கோழியைச் சந்தையிலிருந்து குஞ்சாக வாங்கி வந்தவள் அவன் மனைவி பார்வதம்மா. பூதிகோட்டையில் பிறந்தவள். மாடு, ஆடு, கோழி என்று கால் உள்ள எதைப் பார்த்தாலும் தீனி போடுகிற ஊர்ப் புத்தி. அது வளர்ந்தது. கழுத்தெல்லாம் சிவந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் மதிக்காமல் கம்பெனி கட்டிய லைன் வீடுகளின் முன்னால் உலாவியது. பார்வதம்மா அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்தாள்.

தொரைக்கு ஒரு வழக்கம் உண்டு. மைன்ஸ் சங்கு ஊதினால் பதில் சொல்லும். சாம்பியன் ரீப்ஸ் சங்கு 'ஊ' என்றால் இது 'கொளகொளகொளக்' என்னும். அது ஓய்ந்ததும் மைசூர் மைன்ஸ் சங்கு தொடங்கும். அதற்கும் பதில் உண்டு. பிறகு ரயில் கூவும். அதையும் விட்டுவைக்காது. காத்தவராயன் கொட்டாவி விட்டால்கூட ஒரு 'கொளக்' கேட்டது.

"இன்னாடி பார்வதி, அதுக்கு இருக்கறது வாயா, இன்னொரு சங்கா?"

"வாயில்லாத சீவன். யாரோ கூப்புடறாங்கன்னு நெனச்சி பதில் சொல்லுது."

"வாயில்லாத சீவனா! மூணு வாயி இருக்கும்போலக் கீதே!"

"கூப்ட்டா பதில் சொல்றது மருவாதிதானே? உங்களைக் கூப்ட்டா 'ஊம்'னு ஒரு வார்த்தை வருதா?"

"கூடையைப் போட்டு மூடேன். இருட்டுன்னு நெனச்சி தூங்கும்."

"அந்தக் கூடைக்குள்ள நீங்க போயித் தூங்குங்களேன்."

"பேசாம கொழம்பு வெச்சிடலாம்."

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்னா சொன்னீங்க?"

"கொழம்புல உப்பு கம்மின்னேன்."

"கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றாள் பார்வதம்மா. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "சாராம்மா அப்ப விருந்துக்கு எடுத்துக்கறேன்னு கேட்டுக்கினே கீறாங்க. நீங்களும் வித்துடு வித்துடுன்னு உசுரை எடுக்கறீங்க. இன்னும் இருபத்தஞ்சு நாளுதான்."

சாராம்மா என்பவர் பங்களாவில் இருக்கிற ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. பார்வதம்மா அங்கேதான் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து நாள்! புத்தியுள்ளவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பான். காத்தவராயனுக்குப் புத்தி இருந்தது. ஆனால் அது முழுக்கச் சட்டப் புத்தியாக இருந்தது.

அந்த வட்டாரத்தில் மற்ற ஆண்கள் ஓய்வு நேரத்தில் ஃபுட்பால் பார்ப்பார்கள், சீட்டு ஆடுவார்கள். காத்தவராயன் ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டுக்குப் போவான். கேஸ் ஒன்றும் கிடையாது. சும்மா ஜன்னலோரம் நின்று கேட்பான். நாலு வருஷம் ஜன்னலில் நின்றதில் சட்ட வார்த்தைகள் எல்லாம் அவன் மேல் ஒட்டிக்கொண்டன. அர்த்தங்கள்தான் உள்ளேயே தங்கிவிட்டன. லைனில் அவனை 'லாபாயிண்ட்டு' என்று கூப்பிட்டார்கள். அவன் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டான்.

சோறு போடும்போது பார்வதம்மாவுக்குப் பாடம் நடக்கும்.

"கேஸ் போடறவன் வாதி. எவன் மேல போடறானோ அவன் பிரதிவாதி."

"பிரதின்னா காப்பிதானே? அப்ப வாதி ஒரிஜினலு, பிரதிவாதி காப்பியா?"

"குறுக்க பேசாதே."

"குறுக்கு விசாரணை பண்ணலாம்னு நேத்து சொன்னீங்களே?"

"அது வக்கீலுக்கு. கேளு. சிவில்னு ஒண்ணு, கிரிமினல்னு ஒண்ணு. சிவில்னா சொத்து கேஸு, சீக்கிரம் முடியாது. கிரிமினல்னா குத்தம் பண்ண கேஸு, உள்ள போனா சீக்கிரம் வெளிய வர முடியாது. வாய்தான்னா தேதியைத் தள்ளி வெக்கறது."

"நம்ம வூட்டுக் கூரை ரிப்பேரு மாதிரி."

"ஒருத்தன் கண்ணால பாத்ததைத்தான் கோர்ட்டுல சொல்லணும். அவன் சொன்னான், இவன் சொன்னான்னா செல்லாது."

பார்வதம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொள்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அந்தக் கோர்ட்டில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் அவன் கோர்ட்டில் ஒரு அதிசயம் பார்த்தான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சுவர்ச் சண்டை. அண்ணன் சுவர் எழுப்புகிறான். தம்பி ஓடிவந்து ஸ்டே வாங்கினான். ஒரே ஒரு காகிதம். அதைக் காட்டியதும் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போயே போய்விட்டாராம்.

காத்தவராயனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு காகிதம் கொத்தனாரையே நிறுத்தும் என்றால், ஒரு கோழியை நிறுத்தாதா? பார்வதம்மாவுக்குக் கோர்ட் என்றால் பயம். காகிதத்தைப் பார்த்தால் அன்றைக்கே தொரையைப் பூதிகோட்டைக்கு அனுப்பிவிடுவாள்.

கோர்ட் எதிரில் புங்கமரத்தடியில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்த நேசமணியிடம் போனான்.

"கோழிக்கு ஸ்டேவா?" என்று கேட்டார் நேசமணி. டைப்ரைட்டரில் வைத்த விரல் அப்படியே நின்றது. "வாதி யாரு?"

"நான்தான்."

"பிரதிவாதி?"

"சம்சாரத்தைப் போட்டா சோறு கெடைக்காது. கோழியையே போடு."

"கோழி மேல கேஸ் ஓடாது, காத்தவராயா."

"கேஸ் ஓட வேணாம்யா. கோழி ஓடினா போதும். சும்மா வூட்ல காட்டறதுக்கு. மூணு வாரமா ரெண்டு கண்ணும் எரியுது. மேல இருக்கற பாறை எப்ப தலை மேல வரும்னு பயமா கீது, நேசமணி."

அவன் கண்கள் செம்பருத்திப் பூவாய் இருந்தன. நேசமணிக்கு இரக்கம் வந்துவிட்டது. ஒரு காகிதத்தைச் சொருகி, இங்கிலீஷில் ஒரே வரி அடித்தார். 'தி டர்க்கி இஸ் ஹியர்பை ஸ்டேய்டு.' அதாவது, வான்கோழிக்கு இதனால் ஸ்டே. கீழே மறுநாள் தேதி.

"இதுல கோர்ட் பேரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வெளையாட்டுக் காகிதம். ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்க. இதுல சீலு கீலு எதையும் வெச்சிடாதே" என்றார்.

கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது காத்தவராயன் மரத்தில் சாய்ந்து நின்றபடியே அயர்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தான். காகிதம் மொட்டையாக இருந்தது. கோர்ட் காகிதம் என்றால் வட்டமாக ஒரு சீல் இருக்க வேண்டாமா? யோசித்தான். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் வெட்டிய பித்தளைப் பில்லை ஒன்று உண்டு. வட்டமானது. மேலே வளைவாக இங்கிலீஷ் எழுத்து, நடுவில் நம்பர். அவனுடைய நம்பர் 808. பில்லையில் ஊதா மையைத் தடவினான். 'டக்'கென்று குத்தினான். எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழுந்து, யாருக்கும் புரியாமல், அசல் கோர்ட் சீல் மாதிரியே இருந்தது. நம்பர் மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் 808 ஆகவே இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. தூங்காதவன் கண்ணுக்கு எட்டும் தெரியாது, சைபரும் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பார்வதம்மாவின் மனசைக் குளிரவைக்க வேண்டுமே என்று நாலு குடம் தண்ணீர் பிடித்து வைத்தான். வாசலைப் பெருக்கினான். தன் துணியைத் தானே துவைத்தான். பிறகு சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கதவில் காகிதத்தை ஒட்டிவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இன்னாங்க இது?"

"கோர்ட் உத்தரவு. அமீனா வந்து ஒட்டிட்டுப் போனாரு."

"அய்யய்யோ! நம்ம வூட்டுக்கா? யாரு கேஸ் போட்டாங்க?"

"லைன்ல யாரோ. பேரைச் சொல்ல மாட்டாங்க. நம்ம தொரை கத்தறானில்ல, அதுக்கு ஸ்டே குடுத்துட்டாங்க. மீறினா கன்டெம்ட்டு. உள்ள தூக்கி வெச்சிடுவாங்க."

"கோழியையா?"

"உன்னை."

பார்வதம்மா கையைப் பிசைந்தாள். சீலைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காத்தவராயனுக்கு மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது, இன்னொரு பக்கம் தாளம் போட்டது.

"கோர்ட்டு சொன்னா கேட்டுத்தானே ஆவணும்" என்றாள் மெதுவாக. "நாளைக்குப் பங்களாவுல கேட்டுட்டு வரேன்."

மறுநாள் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"ஏங்க, சாராம்மா வூட்ல ஒரு நாயி கீது. அவங்க 'ஸ்டே'ன்னு ஒரு தரம் சொன்னா ஆடாம அசையாம குந்திக்கும். ஸ்டேன்னா 'அங்கியே இரு'ன்னு அர்த்தமாம். சாராம்மாவையே கேட்டன்."

"அது நாய் ஸ்டேடி. இது கோர்ட் ஸ்டே."

"இங்கிலீஷ்ல ரெண்டு ஸ்டே கீதா?"

"ஸ்டேன்னா நிறுத்தறது. அண்ணன் தம்பி செவுத்துக் கேஸு சொன்னேனே, கொத்தனாரு கரண்டியைப் போட்டுட்டுப் போனாரே?"

"ஆமா. ஸ்டே வந்ததும் அந்தச் செவுத்தை இடிச்சாங்களா?"

"இடிக்க எப்படி முடியும்? பாதியில அப்படியே நிக்குது."

"ஒரு கல்லைக்கூட நகத்தலியா?"

"நகத்தக் கூடாது. தீர்ப்பு வர்ற வரைக்கும் எது எப்படி இருந்துச்சோ அது அப்படியே..."

வாயிலிருந்து வந்துவிட்டது. காத்தவராயன் பாதியில் நிறுத்தினான். அந்த வாக்கியத்துக்கு மட்டும் ஸ்டே வாங்க நேரமில்லை.

"அப்ப தொரையும் அப்படியே இருக்கட்டும்" என்றாள் பார்வதம்மா. "தீர்ப்பு வர்ற வரைக்கும்."

"இல்ல பார்வதி, அது வேற..."

"சந்தேகமா இருந்தா கோர்ட்டுக்கே போயி ஒரு வார்த்தை கேட்டுடறேன். காகிதத்தை எடுத்துக்கினு போனா சொல்ல மாட்டாங்களா?"

"வேணாம்! வேணாம்! நீ சொல்றதுதான் சரி."

ஆப்பு அடிக்கிறவனுக்கு ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியாமல் இருக்குமா? ஆனால் வால் மாட்டிக்கொண்ட பிறகுதான் கதையின் சாரம் புரிகிறது.

விஷயம் கோழியோடு நிற்கவில்லை. காகிதத்தில் போட்டிருந்த தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு இந்த வீட்டில் எது எப்படி நடந்ததோ, அது அப்படியே நடக்க வேண்டும் என்று பார்வதம்மா சட்டத்தை விரித்துவிட்டாள். அன்றைக்கு நாலு குடம் தண்ணீர் பிடித்தது யார்? காத்தவராயன். வாசல் பெருக்கியது யார்? காத்தவராயன். தன் துணியைத் தானே துவைத்தது யார்? பக்கத்து வீட்டு ரத்தினம்மா தட்டிக்கு அந்தப் பக்கமிருந்தே சாட்சி சொன்னாள்: "ஆமாண்ணா, நானே என் கண்ணால பாத்தனே!"

ஏழு மணிக்கு மேலே வருவான். குடத்தைத் தூக்குவான். பெருக்குவான், துவைப்பான். படுக்கும்போது சங்கு ஊதும். தொரை பதில் சொல்லும். முன்பு இரண்டு மணி நேரமாவது தூங்கினான். இப்போது அதுவும் போயிற்று.

இருந்தாலும் ஒரு நம்பிக்கை. கிறிஸ்மஸ் வருகிறதே! எந்தக் கோழிக்கும் கிறிஸ்மஸ் உண்டு.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்னால், காலையில் சாராம்மா தானே வந்தார். காத்தவராயன் பாயைவிட்டு எழுந்து ஓடி, தொரையைப் பிடித்துக் கொடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்றாள் பார்வதம்மா. "சாராம்மா, அது மேல ஸ்டே கீது. கதவுல பாருங்க."

சாராம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரியைப் படித்தார். ஊதா வட்டத்தைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஓ நோ! கோர்ட் கேஸா? எனக்கு வேண்டாம் பார்வதி. நான் வேறே இடத்துலே பாத்துக்கறேன்."

"அது வெறும் காகிதம் மேடம்..." என்று தொடங்கிய காத்தவராயன் பாதியிலேயே விட்டுவிட்டான். வெறும் காகிதம் என்றால் அதை ஒட்டியது யார் என்ற கேள்வி வரும். சாராம்மா போய்விட்டார். பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்குத் தானாகப் போயிருக்க வேண்டிய கோழி. அதைக் கட்டிப் போட்டுக் காப்பாற்றியது அவனே.

மத்தியானம் ஒரு முயற்சி செய்தான்.

"பார்வதி, கோர்ட் பக்கம் போயிருந்தேன். ஸ்டேவை எடுத்துட்டாங்களாம். கேஸ் தள்ளுபடி."

"யாரு சொன்னாங்க?"

"அங்க பேசிக்கினாங்க."

"அவன் சொன்னான், இவன் சொன்னான்னா செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? காகிதம் எங்க? பழைய காகிதத்துல இருக்கற மாதிரி வட்டமா சீலு இருந்தாத்தான் நான் நம்புவேன்."

காத்தவராயன் புங்கமரத்தடிக்கு ஓடினான்.

"நேசமணி, இன்னொரு காகிதம் அடி. ஸ்டே ரத்துன்னு. சீலு நானே வெச்சிக்கறேன்."

நேசமணி எழுந்து நின்றுவிட்டார். "இன்னா வெச்சிக்கறே?"

"போன தரம் வெச்ச மாதிரி சீலு."

"அடப்பாவி! வெக்காதேன்னு சொன்னேனேய்யா! அதுவரைக்கும் அது வெளையாட்டு. கோர்ட் சீலு மாதிரி வெச்சிட்டா அது ஃபோர்ஜரி. கள்ளக் காகிதம். கிரிமினலு! ஏழு வருஷம் போடலாம்."

"ஜாமீனு?"

"ஜாமீன்ல விடக்கூடாத குத்தம்யா அது. முதல்ல வேலை போகும். நீ இங்க வந்ததே இல்லை, நான் உன்னைப் பாத்ததே இல்லை. போ!"

ஏழு வருஷம்! பத்தாயிரம் அடி ஆழத்தில் கேஜ் நின்று போனபோதுகூடக் காத்தவராயன் இப்படிப் பயந்ததில்லை. காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். வழியெல்லாம் ஓடினான். எதிரில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தபோது மாட்டு வண்டிக்குப் பின்னால் பதுங்கினான். போலீஸ்காரர் வாழைப்பழம் தின்றுகொண்டே போய்விட்டார்.

வீட்டுக் கதவில் காகிதம் இல்லை. நாலு மூலையிலும் சோற்றுப் பசை மட்டும் இருந்தது.

"ரத்தினம்மா! பார்வதி எங்க?"

"கதவுல இருந்த காகிதத்தை நனைச்சி பதமா எடுத்தாங்கண்ணா. காய வெச்சி மடிச்சிக்கினு, ஆபீசு வரைக்கும் போயிட்டு வரேன்னு போனாங்க."

"எந்த ஆபீசு?"

"அது சொல்லலியே."

ஆபீஸ் என்றால் கோர்ட் ஆபீஸ்தான்! மறுபடியும் கோர்ட்டுக்கு ஓடினான். ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தான். நாலு வருஷமாக நின்ற அதே ஜன்னல். இத்தனை நாள் வெளியே நின்று பார்த்த கூண்டு இன்றைக்கு அவனை உள்ளே கூப்பிடுவதுபோல இருந்தது. பார்வதம்மாவைக் காணோம். மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், ரத்தினம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, ஃபோர்மேன் ஐயா ஆளு அனுப்பிச்சிருந்தாரு. உடனே ஆபீசுக்கு வரச் சொன்னாராம்."

அவ்வளவுதான். போலீஸுக்குச் சொல்வதற்கு முன்னால் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார்கள். காத்தவராயன் சட்டையை மாற்றிக்கொண்டான். ஏழு வருஷத்துக்கு எது நல்ல சட்டை என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்வதம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாமே என்று தெருக்கோடி வரை எட்டிப் பார்த்தான்.

தம்மபாலனின் மேசை மேல் அந்தக் காகிதம் விரிந்து கிடந்தது. அதன் மேல் பேப்பர் வெயிட்.

"உன் சம்சாரம் வந்துட்டுப் போச்சு" என்றார் தம்மபாலன்.

"ஐயா, நான் தெரியாம..."

"இரு, நான் பேசிடறேன். கோர்ட் காகிதம்னு சொல்லிச்சு. உங்க வூட்டுக் கோழியை எடத்தை விட்டு எடுக்கக் கூடாதாமே?"

காத்தவராயன் தலையை ஆட்டினான். அது ஆமா என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் இருந்தது.

"இந்த சீல்ல 808-ன்னு கீதே, இது இன்னா?"

"கே... கேஸ் நம்பருங்க."

"உன் பில்லை நம்பரும் 808 தானே? இன்னா பொருத்தம் பாரு!"

தம்மபாலன் அவனையே பார்த்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் சொருகினார்.

"வூட்டுக்குப் போனதும் இதை அடுப்புல போடு. நான் பாக்கலை. பகல்ல நீ தூங்க முடியாதுன்னு உன் சம்சாரம் சொல்லிச்சு. சொல்லிட்டு அழுதுச்சு. நாளையிலிருந்து உனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு. காலையில ஏழுக்கு எறங்கு, மூணுக்கு ஏறு. ராத்திரியில கோழியும் தூங்கும், நீயும் மனுசன் மாதிரி தூங்கு."

வெளியே வந்ததும் காத்தவராயனுக்கு உயிர் திரும்பி வந்தது. கால் திரும்பி வர இன்னும் கொஞ்ச நேரமாயிற்று. லைனை நெருங்கும்போதுதான் முழு விஷயமும் மண்டையில் ஏறியது. ஏழு முதல் மூன்று வரை சுரங்கத்துக்குள். குளித்துவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் கோர்ட்டைச் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்கும் லீவு. ஆக, இனி இந்த ஜன்மத்தில் அந்த ஜன்னல் கிடையாது!

பார்வதம்மா வாசலில் உட்கார்ந்து தொரைக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது கள்ளக் காகிதம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒட்டுன அன்னிக்கே. பதினாலு வருசமா தெனம் அந்தப் பில்லையைத் தொடைச்சி எடுத்துத் தரேன். 808 எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் என்னை இருவது நாளா தண்ணி புடிக்க வெச்சியா?"

"ஸ்டே வாங்குனது நீங்கதானே? தொரையை அனுப்ப எனக்கு மனசே வரலை. சாராம்மாகிட்ட எப்படி இல்லைன்னு சொல்றதுன்னு கெடந்தேன். நீங்களே காகிதம் கொண்ணாந்து குடுத்தீங்க."

காத்தவராயன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"அந்தச் சம்மட்டி விழுந்த சேதி ரத்தினம்மா புருசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றாள் பார்வதம்மா. குரல் உடைந்தது. "நீங்க சொல்லலை. இந்தத் தொரைக்காகப் பாத்து உங்களைப் பறிகுடுத்துடுவேனோன்னு தெனமும் பயந்துக்கினு கெடந்தேன். மூணு தரம் ஆபீசுக்குப் போனேன். நெறைய பேரு டே ஷிப்டு கேக்கறாங்க, காரணம் வேணும்னாங்க. இன்னிக்குக் காகிதத்தை எடுத்துக்கினு போனேன்."

"மாட்டியிருந்தா எனக்கு ஏழு வருசம்டி!"

"அது எனக்குத் தெரியாதுங்க. அதை நீங்க சொல்லிக் குடுக்கலியே."

அவளைத் திட்டுவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். தொரை அவனை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுச் சோளத்துக்குத் திரும்பியது.

"எல்லாம் சரி பார்வதி. இந்த வூட்ல எடம் மாறணும்னா அது கோழியா இருக்கக் கூடாதா? என்னையா மாத்தணும்?"

பார்வதம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கோழியை அசையாச் சொத்துன்னு நீங்களே எழுதி ஒட்டிட்டீங்க. வூட்ல மிச்சம் இருந்த அசையும் சொத்து நீங்க ஒருத்தர்தானே?"